30 சதவீதம் நியாயமா? ஆப் ஸ்டோர் கமிஷன் சண்டையின் பின்னணி

2024 மார்ச் 1ஆம் தேதி பாரத் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி, ஜோடி ஆகிய செயலிகள் கூகுளின் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. நான்குமே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்துடையவை. அதே நாட்களில் ஷாதி, நௌக்ரி, குக்கூ எஃப்எம் போன்ற இந்தியச் செயலிகள் பலவும் நீக்கப்பட்டன. அவற்றில் வைரஸ் இல்லை, மோசடிப் புகாரும் இல்லை. கூகுள் கேட்ட கமிஷனை அவை கட்டவில்லை, அதுதான் காரணம். மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் தலையிட்டுப் பேசிய பிறகு, சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன. பணத் தகராறு மட்டும் தீரவில்லை.

இந்தச் செய்தி வந்தபோது இரண்டு விதமான கருத்துகள் பரவின. கூகுள் போட்ட கடையில் விற்றால் கூகுளுக்குப் பங்கு கொடுக்க வேண்டியதுதானே என்பது ஒன்று. இது பகல் கொள்ளை என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரு முக்கியமான விஷயத்தைத் தவறவிட்டன. கமிஷன் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. கமிஷன் கொடுக்காமல் வியாபாரம் செய்ய வேறு வழி இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் தெரியாமல் முதலாவதற்கு நியாயமான பதில் சொல்லவே முடியாது.

## யார் கட்டுகிறார்கள், யார் கட்டுவதில்லை

ஐபோனில் செயலிகளைத் தருவது ஆப்பிளின் ஆப் ஸ்டோர். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் கூகுளின் பிளே ஸ்டோர். செயலியை உருவாக்குபவரை டெவலப்பர் என்கிறோம். அது ஒரு தனி ஆளாகவும் இருக்கலாம், ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனமாகவும் இருக்கலாம். கடையில் சேர ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர் கட்ட வேண்டும். இந்தத் தொகையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. சண்டை, செயலிக்குள் நடக்கும் விற்பனையில் கடைக்காரர் எடுக்கும் பங்கைப் பற்றியது. அந்தப் பங்கு எல்லோருக்கும் ஒன்றல்ல.

1. விளம்பரத்தில் ஓடும் இலவசச் செயலிகள் கமிஷன் கட்டுவதில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் மிகப் பெரும்பான்மை இவைதான்.

2. பொருளையோ, நேரில் கிடைக்கும் சேவையையோ விற்கும் செயலிகளும் கட்டுவதில்லை. ஸ்விக்கியில் பிரியாணி வாங்கினாலும், ஊபரில் கார் பிடித்தாலும், அமேசானில் மிக்ஸி வாங்கினாலும் ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் ஒரு பைசா போகாது.

3. போனுக்குள்ளேயே கிடைத்து, போனுக்குள்ளேயே தீரும் சரக்கை விற்றால் கட்ட வேண்டும். விளையாட்டில் வாங்கும் காசுகள், மின்னூல், பாட்டு, ஆடியோ கதைச் சந்தா, வரன் தேடும் தளத்தின் பிரீமியம் உறுப்பினர் கட்டணம் எல்லாம் இந்த வகை.

மூன்றாவது வகைக்கு நீண்ட காலமாக அடிப்படை விகிதம் 30 சதவீதம். நூறு ரூபாய்ச் சந்தாவில், வரிக் கணக்கை ஒதுக்கி வைத்தால், டெவலப்பருக்கு 70 ரூபாய். சிறியவர்களுக்குச் சலுகை உண்டு. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருந்தால் ஆப்பிள் 15 சதவீதம்தான் எடுக்கிறது. இது 2021 ஜனவரியில் வந்தது. கூகுள் அதே ஆண்டு ஜூலையிலிருந்து எல்லோருக்கும் முதல் 10 லட்சம் டாலருக்கு 15 சதவீதம் என்று குறைத்தது. தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவுக்கு கூகுள் 2022இல் 15 சதவீதம் என்று குறைத்தது. ஆப்பிளிடம் முதல் ஆண்டு 30, அதற்குப் பிறகு 15.

இந்தச் சலுகைகள் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். சந்தாக்களுக்கு மட்டும் 2016இல் ஆப்பிள் தந்த சலுகையைத் தவிர 2008இலிருந்து பெரிதாக அசையாமல் இருந்த விகிதம், அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையும் பெரிய வழக்குகளும் சூடுபிடித்த 2020க்குப் பிறகு சில மாதங்களில் சிறியவர்களுக்குப் பாதியாகிறது. போட்டியாளர் யாரோ விலையைக் குறைத்ததால் இது நடக்கவில்லை.

## இந்த 30 எங்கிருந்து வந்தது

ஐபோன் 2007இல் வந்தபோது வெளியாட்களின் செயலிகளுக்கு அதில் இடமே இல்லை. 2008 ஜூலை 10 அன்று 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தது. விற்பனையில் 70 டெவலப்பருக்கு, 30 ஆப்பிளுக்கு. அன்றைக்கு அதை யாரும் குறை சொல்லவில்லை, கொண்டாடவே செய்தார்கள். அதற்கு முன்னால் மொபைல் வியாபாரம் எப்படி நடந்தது என்று நம் ஊர் காலர் ட்யூன், ரிங்டோன் காலத்தை நினைத்துப் பார்த்தால் தெரியும். வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு டெலிகாம் கம்பெனிக்குப் போகும். பாட்டைத் தந்தவருக்கு மிச்சம்தான். அந்த நிலையில் 70 சதவீதம் கைக்கு வருவது பெரிய விஷயம். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் (பிளே ஸ்டோரின் பழைய பெயர்) 70-30 என்றே வைத்தது.

2009இல்தான் திருப்பம் வந்தது. செயலிக்குள்ளேயே பொருள் வாங்கும் வசதி அறிமுகமானது. 2011இல் சந்தாக்களுக்கும் விதிகள் வந்தன. அதுவரை 30 சதவீதம் என்பது செயலியை ஒருமுறை விற்பதற்கான பங்கு. கடை விளம்பரப்படுத்தியது, இறக்கிக் கொடுத்தது, காசு வாங்கியது, அதற்குக் கூலி. இப்போது அதே 30 சதவீதம் அந்தச் செயலிக்குள் மாதாமாதம் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நீண்டது. வாடிக்கையாளரை முதலில் அறிமுகம் செய்ததற்கான கூலி, அந்த வாடிக்கையாளர் இருக்கும்வரை வசூலிக்கும் பங்காக மாறிவிட்டது. எண் மாறாததால் இந்த மாற்றம் பலர் கண்ணில் படவில்லை.

## மூன்று பூட்டுகள்

கமிஷன் மட்டும் இருந்தால், பிடிக்காதவர் வேறு இடத்துக்குப் போய்விடலாம். போக முடியாதபடி வைத்திருப்பவை கட்டுப்பாடுகள். இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் நீதிமன்றங்கள் எதற்கு ஆம் என்றன, எதற்கு இல்லை என்றன என்பது விளங்கும். பின்னிரண்டு பூட்டுகளும் சில நாடுகளில் பின்னர் தளர்ந்தன; இங்கே சொல்வது அவற்றின் பழைய வடிவம்.

1. வாசல் பூட்டு. ஐபோனில் ஆப் ஸ்டோர் தவிர வேறு கடை வழியாகச் செயலியை ஏற்ற முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் போலச் சட்டம் போட்டுத் திறக்க வைத்த இடங்கள் மட்டுமே விதிவிலக்கு. ஆண்ட்ராய்டில் வேறு கடைகளுக்கு அனுமதி உண்டு, செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகேயை நேரடியாக இறக்கியும் நிறுவலாம். ஆனால் பிளே ஸ்டோர் போனோடு சேர்ந்தே வருகிறது. வெளியிலிருந்து நிறுவினால் எச்சரிக்கைத் திரைகள் வருகின்றன. சாதாரணப் பயனாளர் அதைப் பார்த்ததும் விட்டுவிடுவார்.

2. கல்லாப் பூட்டு. டிஜிட்டல் சரக்குக்குப் பணம் வாங்க ஆப்பிள் அல்லது கூகுளின் கட்டண முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். வெளியே 2 சதவீதத்துக்கு அந்த வேலையைச் செய்து தரும் பேமென்ட் நிறுவனம் இருந்தாலும் அதை உள்ளே கொண்டுவர முடியாது.

3. வாய்ப்பூட்டு. எங்கள் இணையதளத்தில் இதே சந்தா குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று செயலிக்குள் வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. இணைப்பும் கொடுக்கக் கூடாது.

கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். வாடகை அதிகம் என்பது ஒரு புகார். எங்கள் சமையல்காரரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மண்டபக்காரர் சொல்வது வேறொரு புகார். வெளியே இதைவிட மலிவாகச் சமைக்கிறார்கள் என்று வந்த விருந்தாளிகளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பது முற்றிலும் வேறு. முதலாவதைப் பேரம் பேசலாம். மூன்றாவதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. விலையைப் பற்றிய உண்மையை வாடிக்கையாளரிடம் மறைப்பதால் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை.

இந்த வாய்ப்பூட்டு நம் பணத்தையும் தொடுகிறது. 2023 பிப்ரவரியில் ட்விட்டர் ப்ளூ சந்தா இந்தியாவில் வந்தபோது இணையதளத்தில் மாதம் 650 ரூபாய், போன் செயலியில் 900 ரூபாய். அப்போதைய அந்தச் சேவையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. போனிலேயே பணம் கட்டியவர் மாதம் 250 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். விலை வித்தியாசத்தைச் செயலிக்குள்ளேயே அவருக்குச் சொல்ல விதி இடம் தரவில்லை.

## கடைக்காரர்கள் சொல்லும் நியாயம்

ஆப்பிளும் கூகுளும் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் வாதத்தில் வலுவான பகுதி இது: கமிஷன் என்பது பணம் வாங்கித் தருவதற்கான கூலி மட்டுமல்ல. இயங்குதளம், டெவலப்பர் கருவிகள், ஆண்டுதோறும் வரும் மேம்பாடுகள், ஒவ்வொரு செயலியையும் சோதிக்கும் ஆட்கள், தீங்கான செயலிகளை வடிகட்டும் அமைப்பு, உலகம் முழுவதும் உள்ள வாடிக்கையாளர்கள் என எல்லாவற்றுக்கும் சேர்த்தே அது. கூகுள் ஆண்ட்ராய்டை போன் நிறுவனங்களுக்கு இலவசமாகத் தருகிறது. அந்தச் செலவை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். பெரும்பாலான டெவலப்பர்கள் ஒன்றும் கட்டாமலேயே இத்தனையும் அனுபவிக்கிறார்கள். 2024இல் கூகுள் தன் விளக்கத்தில், கமிஷன் கட்ட வேண்டியவர்கள் 3 சதவீத டெவலப்பர்கள்தான் என்றது. இந்தியாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட டெவலப்பர்கள் விதிகளை ஏற்று நடக்கும்போது 10 நிறுவனங்களுக்கு மட்டும் தனிச் சலுகை தர முடியாது என்றும் சொன்னது.

பாதுகாப்பு வாதத்திலும் உண்மை இருக்கிறது. போலிக் கடன் செயலிகளால் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்பது நமக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தவர்களும் உண்டு. யாரோ ஒருவர் வாசலில் நின்று சோதிப்பது தேவைதான்.

30 சதவீதம் உலகத்தில் இல்லாத வழக்கமும் அல்ல. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையும் 30இல்தான் தொடங்குகிறது. விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் 25, 5 கோடியைத் தாண்டினால் 20 என்று இறங்குகிறது. விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் 2018இல் தொடங்கிய கடை 12 சதவீதம் என்று வந்தது. ஆனால் ஸ்டீமுக்கும் ஐபோனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஸ்டீம் வேண்டாம் என்றால் அதே கணினியில் டெவலப்பர் தன் இணையதளத்திலேயே விளையாட்டை விற்கலாம்.

## வாதம் எங்கே இடறுகிறது

முதல் இடறல், யார் கட்டுகிறார்கள் என்ற பட்டியலிலேயே இருக்கிறது. இயங்குதளத்துக்கும் சோதனைக்கும் ஆகும் செலவுக்காகத்தான் கமிஷன் என்றால், அந்த வசதிகளை அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் கட்ட வேண்டும். ஊபர் போனின் இருப்பிட வசதியை, வரைபடத்தை, அறிவிப்புகளை இடைவிடாமல் பயன்படுத்துகிறது, கமிஷன் பூஜ்யம். ஒரு சின்ன ஆடியோ கதைச் செயலி அதில் கால்வாசிகூடப் பயன்படுத்தாது. அது 15 முதல் 30 சதவீதம் கட்டுகிறது. செலவுக்கும் கட்டணத்துக்கும் தொடர்பு இல்லை. எந்தச் சரக்கில் லாப விகிதம் அதிகமோ, எதை மறுக்க முடியாதோ அங்கே வசூலிக்கப்படுகிறது.

இரண்டாவது, லாபம். எபிக் கேம்ஸ் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் அமெரிக்க நீதிபதி இவான் கன்சாலெஸ் ரோஜர்ஸ், ஆப் ஸ்டோரின் இயக்க லாபம் 75 சதவீதத்துக்கும் மேல் என்ற கணக்கை ஏற்றுக்கொண்டார். ஆப்பிள் இந்தக் கணக்கு முறையை ஒப்புக்கொள்ளவில்லை. அதே தீர்ப்பில் இன்னொரு தகவல் வருகிறது: ஆப் ஸ்டோர் வருமானத்தில் சுமார் 70 சதவீதம் விளையாட்டுகளிலிருந்து வருகிறது, அதுவும் வாடிக்கையாளர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமிருந்து. கடையின் பெரும் வருமானம், விளையாட்டுக்குள் திரும்பத் திரும்பக் காசு போடும் ஒரு சிறு கூட்டத்தின் மேல் நிற்கிறது.

மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே விதி என்ற பேச்சு. 2020இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வெளியிட்ட மின்னஞ்சல்களில், அமேசான் பிரைம் வீடியோவுக்கு ஆப்பிள் 15 சதவீதத்துக்கு இசைந்தது தெரியவந்தது. பெரிய ஆளாக இருந்தால் பேரம் படியும். பெரிய நிறுவனங்கள் போட்டியை நசுக்காமல் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையமும் இதேபோன்ற ஒன்றைக் கண்டது: மற்றவர்கள் மேல் சுமத்திய கட்டணத்தை கூகுளின் சொந்த யூடியூப் கட்டவில்லை, இது பாகுபாடு என்று தன் உத்தரவில் எழுதியது.

இதில் மிகவும் கவலைப்பட வேண்டியது, கடைக்காரரே போட்டியாளராகவும் இருப்பது. ஸ்பாட்டிஃபை பாட்டுச் சந்தா விற்கிறது. ஆப்பிளும் ஆப்பிள் மியூசிக் விற்கிறது. ஸ்பாட்டிஃபை ஐபோனில் விற்றால் 30 சதவீதம் போட்டியாளருக்கே போகும். ஒரு கட்டத்தில் அது அமெரிக்காவில் ஐபோன் பயனாளர்களுக்கு மட்டும் 9.99 டாலர் சந்தாவை 12.99 டாலராக்கிப் பார்த்தது. அப்புறம் ஐபோனில் பணம் வாங்குவதையே நிறுத்தியது. 2019இல் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2024 மார்ச்சில் ஆணையம் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பு நின்றது மூன்றாவது பூட்டின் மேல்தான்: மலிவான வழி இருப்பதைப் பயனாளரிடம் சொல்லவிடாமல் தடுத்தது.

## நீதிமன்றங்கள் என்ன செய்தன

ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ், 2020 ஆகஸ்ட் 13 அன்று வேண்டுமென்றே விதியை மீறியது. செயலிக்குள் தன் சொந்தக் கட்டண முறையை வைத்து, அதில் கட்டினால் 20 சதவீதம் குறைவு என்றது. அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் ஃபோர்ட்நைட்டை நீக்கின. அன்றைக்கே எபிக் இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டது. ஒரே சண்டையில் இரண்டு வழக்குகள் வேறு வேறு முடிவுக்குப் போனது பலரைக் குழப்பியது.

ஆப்பிள் வழக்கை நீதிபதி தனியாக விசாரித்தார். 2021 செப்டம்பரில் 10 குற்றச்சாட்டுகளில் 9இல் ஆப்பிள் வென்றது. முழு ஏகபோகம் என்று நிரூபிக்கப்படவில்லை, வாசல் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை என்றார். வாய்ப்பூட்டு மட்டும் கலிஃபோர்னியா சட்டப்படி தவறு, வெளி இணைப்புகளை அனுமதிக்க வேண்டும் என்றார். விதியை மீறிச் சம்பாதித்ததில் 30 சதவீதத்தை ஆப்பிளுக்குக் கட்டும்படி எபிக்குக்கும் உத்தரவிட்டார்.

கூகுள் வழக்கு, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழுவான ஜூரியிடம் போனது. 2023 டிசம்பரில் ஜூரி ஒருமனதாக கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திறந்த தளம் என்று சொல்லிக்கொண்ட கூகுள் தோற்றது, மூடிய தளமான ஆப்பிள் பெரும்பாலும் வென்றது. இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆப்பிள் தன் போனில் தானே விதி வைத்துக்கொண்டது. யாரோடும் ஒப்பந்தம் போட வேண்டியிருக்கவில்லை. கூகுளோ போன் தயாரிப்பாளர்களோடும் பெரிய விளையாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. போட்டிக் கடைகள் வளராமல் பார்த்துக்கொள்ளப் பணம் கொடுக்கப்பட்டது என்பதற்கு அந்த ஆவணங்கள் சாட்சியாகின.

இதற்குப் பிறகு ஆப்பிள் செய்ததுதான் இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதி. வெளி இணைப்பை அனுமதி என்று உத்தரவு வந்தது. மேல்முறையீடுகள் முடிந்து 2024 ஜனவரியில் ஆப்பிள் அனுமதித்தது. ஆனால் அந்த இணைப்பு வழியாக வெளியே போய் வாங்கினாலும் 27 சதவீதம் தனக்குத் தர வேண்டும் என்றது. 30இல் 3 மட்டும் கழிவு. வெளியே பணம் வாங்க டெவலப்பருக்கு 3 சதவீதம் ஆகிவிடும். மிச்சம் ஒன்றுமில்லை. இணைப்பைத் தட்டினால் பயனாளரை மிரட்டும் எச்சரிக்கைத் திரை வேறு. ஏறக்குறைய 1,36,000 டெவலப்பர்களில் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்கள் 34 பேர்.

2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிபதி, ஆப்பிள் தெரிந்தே உத்தரவை மீறியது என்று நீதிமன்ற அவமதிப்புத் தீர்ப்பு வழங்கினார். ஆப்பிளின் நிதிப் பிரிவுத் துணைத் தலைவர் ஒருவர் சத்தியப் பிரமாணத்தின் கீழ் பொய் சொன்னார் என்று தீர்ப்பில் எழுதினார். வெளி இணைப்பு விற்பனைக்குக் கமிஷனே வாங்கக் கூடாது என்று தடை போட்டார். சில நாட்களில் அமெரிக்காவில் அமேசானின் மின்னூல் செயலியான கிண்டிலில் புத்தகம் வாங்கும் பொத்தான் வந்தது. அதுவரை ஐபோன் கிண்டில் செயலியில் புத்தகம் படிக்கலாம், வாங்க முடியாது. பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவமதிப்பை உறுதி செய்தது. ஆனால் கமிஷன் அறவே கூடாது என்ற பகுதி தண்டனை போல இருக்கிறது, நியாயமான ஒரு தொகையை ஆராயலாம் என்று கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பியது.

கல்லாப் பூட்டைச் சட்டம் போட்டு உடைத்த இடங்களிலும் இதே தந்திரம் நடந்தது. 2021இல் தென் கொரியா சட்டம் கொண்டுவந்தது. கூகுள் 4 சதவீதம் மட்டும் குறைத்தது. நெதர்லாந்தில் டேட்டிங் செயலிகளுக்காக உத்தரவு வந்தது. ஆப்பிள் 27 சதவீதம் என்றது. பூட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு விலையைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவை உதாரணங்கள்.

## இந்தியக் கணக்கு

இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஆண்ட்ராய்டு. அதனால் இங்கே சண்டை முதலில் கூகுளோடுதான்.

2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், பிளே ஸ்டோர் கட்டண முறையைக் கட்டாயமாக்கியதற்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மற்ற கட்டண முறைகளைத் தடுக்கக் கூடாது, வெளியே வாங்கலாம் என்று சொல்வதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. கல்லாப் பூட்டும் வாய்ப்பூட்டும் காகிதத்தில் உடைந்தன.

கூகுள் மாற்றுக் கட்டண முறையை அனுமதித்தது. ஆனால் அதைப் பயன்படுத்தினாலும் 11 அல்லது 26 சதவீதம் தனக்கு வர வேண்டும் என்றது. அதாவது 15இலும் 30இலும் 4 கழிவு. இது இந்தியாவில் தனி விதமாக உறுத்தியது. இங்கே யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் வாங்கும் கட்டணத்தை அரசு 2020 முதல் பூஜ்யமாக்கி வைத்திருக்கிறது. பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பொதுவாக வாங்குவதும் 2 சதவீதம் அளவில்தான். டீக்கடைக்காரர் 10 ரூபாயை ஒரு பைசா பிடித்தமில்லாமல் வாங்கும் நாட்டில், பணம் வாங்கும் வேலையைத் தான் செய்யாதபோதும் கூகுள் 26 சதவீதம் கேட்டது.

மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2023 ஆகஸ்டில் தனி நீதிபதியும், 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் மனுக்களை ஏற்கவில்லை. இது போட்டிச் சட்டத்தின் கீழ் ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்பது அடிப்படைக் காரணம். பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தர மறுத்தது. மூன்று வாரத்தில் செயலிகள் நீக்கப்பட்டன. திரும்பச் சேர்த்தபோதும் கூகுள் வழக்கு முடியும்வரை தற்காலிகமாகத்தான் என்றது. முழுக் கட்டணத்துக்கும் பில் அனுப்புவோம் என்றும் சொன்னது.

வரன் பார்க்கும் தளத்துக்கு இதன் அர்த்தம் என்ன? அந்த நிறுவனம் தமிழ்நாட்டில் அலுவலகம் வைத்து, தொலைபேசியில் பேச ஆள் வைத்து, சுயவிவரங்களைச் சரிபார்த்து உறுப்பினரைச் சேர்க்கிறது. டிவியிலும் பேப்பரிலும் சொந்தச் செலவில் விளம்பரம் செய்கிறது. பிளே ஸ்டோரில் தேடி வருபவர்கள் பலர் அந்த விளம்பரத்தைப் பார்த்து வருபவர்கள். வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது கடையல்ல என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாருக்கும் தெரியாத ஒரு புதுச் செயலிக்கு கடைதான் வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது என்பதும் உண்மை. இரண்டு பேருக்கும் ஒரே விகிதம் போடுவதில்தான் கோளாறு.

936.44 கோடி அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. விவகாரம் இப்போது உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

மாற்றுக் கடைகள் முளைக்காமல் இல்லை. ஃபோன்பே 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப்ஸ்டோரைத் தொடங்கியது. தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் வந்தது. வெளிக் கட்டண முறையைப் பயன்படுத்தினால் கமிஷன் இல்லை என்றது. ஆனால் புதுப் போனை வாங்கித் திறந்ததும் முகப்பில் இருப்பது பிளே ஸ்டோர். அங்கிருந்து மக்களை நகர்த்துவது கமிஷனைக் குறைப்பதால் மட்டும் நடந்துவிடாது.

## குறைந்தால் யாருக்கு லாபம்

கமிஷன் பாதியானால் சந்தா விலையும் குறையுமா? முழுதாகக் குறையாது. மிச்சத்தில் ஒரு பகுதியை டெவலப்பர் வைத்துக்கொள்வார். 2025 அக்டோபரில் பிரிட்டனின் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. அதிகப்படியாக வாங்கிய கமிஷனில் பாதியை டெவலப்பர்கள் வாடிக்கையாளர் தலையில் இறக்கியிருந்தார்கள் என்ற முடிவுக்கு வந்தது. டெவலப்பருக்குப் போகும் மறுபாதியும் வீண் அல்ல. இரண்டு பேர் வைத்து நடத்தும் தமிழ் ஆடியோ செயலிக்கு அது இன்னொரு கதைசொல்லிக்குக் கொடுக்கும் சம்பளமாக இருக்கலாம்.

வெளியே பணம் கட்டுவதில் இழப்புகளும் உண்டு. பணத்தைத் திரும்பக் கேட்பது, சந்தாவை ஒரே இடத்தில் நிறுத்துவது, பிள்ளைகள் தெரியாமல் வாங்குவதைத் தடுப்பது எல்லாம் ஸ்டோரில் எளிது. சந்தாவை நிறுத்த விடாமல் அலைக்கழிக்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அதனால்தான் ஸ்டோர் வழியும் வெளி வழியும் இரண்டுமே பக்கத்தில் பக்கத்தில், விலையோடு தெரிய வேண்டும். கூடுதல் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கட்டும்.

## விலையையே கேள்வி கேட்க முடியுமா

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிறுவனம் அதிக விலை வைப்பது அதனாலேயே குற்றம் ஆகாது. போட்டியைத் தடுத்தாயா என்றுதான் கேட்பார்கள். அதனால் அங்கே சண்டை எல்லாம் பூட்டுகளைச் சுற்றியே நடந்தது; 30 சதவீதம் என்ற எண் நேராக விசாரிக்கப்படவில்லை. ஆப்பிள் 27 சதவீதத்தோடு வந்து நிற்க முடிந்ததற்கும் அதுவே காரணம்.

பிரிட்டிஷ் சட்டம் விலையையும் கேட்கும். அங்கே தீர்ப்பாயம், செயலி விற்பனைக்கு 17.5 சதவீதம் போதும், அதற்கு மேல் வாங்கியது நியாயமற்ற விலை என்று எண் போட்டே சொன்னது. ஆப்பிள் இதை ஏற்கவில்லை.

இந்தியச் சட்டமும் இந்த வகைதான். 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஆதிக்கம் உள்ள நிறுவனம் நியாயமற்ற விலையை, பாகுபாடான விலையைச் சுமத்துவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. 2022 உத்தரவு பெரிதும் பூட்டுகளைப் பற்றியதாகவே இருந்தது. செயலிகள் நீக்கப்பட்டு இரண்டு வாரம் கழித்து, 2024 மார்ச் 15 அன்று, ஆணையம் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. அதில், கூகுள் வாங்கும் கட்டணம் அது தரும் சேவையின் மதிப்புக்குப் பொருத்தமில்லாமல் இருப்பதாகத் தோன்றுகிறது என்று எழுதியது. அந்த விசாரணை சரியாக நடந்தால் கூகுள் தன் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டிவரும்: சோதனைக்கு எவ்வளவு, சர்வருக்கு எவ்வளவு, பணம் வாங்கித் தர எவ்வளவு, வாடிக்கையாளரைக் கொண்டுவந்ததற்கு எவ்வளவு என்று தனித்தனியாக. ஊபரிடம் ஏன் பூஜ்யம், வரன் தேடும் செயலியிடம் ஏன் 15 அல்லது 30 என்ற கேள்விக்கும் அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.